காப்பு அவிழ்த்த பிறகு

அக்டோபர் 3, 2024. வியாழன்

குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் காலையில் தசராக் கொடி ஏறியது. கூட்டத்தில் முண்டியடித்துக் காப்புக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குத் திரும்பும்போது பிற்பகல் ஆகிவிட்டது. இனி சூரசம்ஹாரம் வரை நாங்கள் வேடக்காரர்கள். எங்கள் தசரா குழுவில் ஒரு காளி, இரண்டு குரங்கு, ஒரு ராஜா, ஒரு போலீஸ். நான் பெண். காளி வேடம் போடுகிற தம்பி 48 நாள் விரதம் இருந்திருக்கிறான். கிரீடமும் சடைமுடியும் கட்டைக் கைகளும் அவன் உடம்பில் ஏறினால் பார்க்கிற நமக்கே தோள் வலிக்கும். என் வேடத்துக்கு அத்தனை பாரம் கிடையாது. ஒரு சேலை, சவுரி, கொஞ்சம் பூ, கண் மை.

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பெண் வேடம் போட்டுத் தர்மம் எடுத்து உண்டியலில் சேர்க்கிறேன் என்று நேர்ந்துகொண்டதில் தொடங்கியது இது. கண் தெளிந்தது. நேர்ந்த வருஷங்களும் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அம்மன் பெயர் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு அவசியமே வருவதில்லை.

இங்கே எழுதிவைக்கிறேன். சேலை கட்ட எனக்குப் பிடிக்கும். இடுப்பில் கொசுவம் செருகியதும் உடம்புக்கு வருகிற நிதானம் பிடிக்கும். முந்தானை தோளில் நிற்கிற விதம் பிடிக்கும். சின்ன வயசிலிருந்தே பிடிக்கும். நான் ஆண், என்னை ஆணாகவேதான் உணர்கிறேன். திருநங்கையர் தங்கள் வாழ்க்கை முழுவதையும் வைத்துப் போராடுகிறார்கள். என் விருப்பத்தை அவர்கள் போராட்டத்தோடு சேர்த்து எண்ணிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆனால் தெருவில் கேட்கிற சிரிப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அக்டோபர் 8, செவ்வாய்

உடன்குடிப் பக்கம் தர்மம் எடுக்கப் போனோம். மேளக்காரர் முன்னால் போக, வீடு வீடாக நின்றோம். ஒரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி அரிசியும் பத்து ரூபாய்த் தாளும் போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “இரு தாயி” என்று சொல்லி, கையிலிருந்த சொம்பைத் திண்ணையில் வைத்தார். என் தோளில் விலகியிருந்த முந்தானை மடிப்பை எடுத்து, நீவி, ஒழுங்காக அடுக்கி, தன் ஜாக்கெட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டார். குத்தும்போது சதையில் படாமல் இருக்கத் தன் சுட்டுவிரலைச் சேலைக்கு அடியில் கொடுத்துக்கொண்டார். மீசை மழித்த ஒரு ஆம்பளையின் தோள் அது என்று அவருக்குத் தெரியும். அந்த விரலில் எந்தக் கூச்சமும் இல்லை.

வழியெல்லாம் அப்படித்தான். கண்டக்டர் “ஏறும்மா” என்கிறார். டீக்கடையில் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காளி காலில் விழுந்துவிட்டு, போகிற போக்கில் என்னையும் கும்பிடுகிறார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று நள்ளிரவுக்கு மேல் கடற்கரையில் சம்ஹாரம். தலை மாற்றி மாற்றி வந்த மகிஷாசுரனை அம்மன் சூலத்தால் சாய்த்தாள். அந்த மணலில் சேலை கட்டிய ஆண்கள் எத்தனை ஆயிரம் பேர்! லாரி டிரைவர், கொத்தனார், உப்பளத் தொழிலாளி, காலேஜ் பையன், என்னைப் போல் கணக்கு எழுதுகிறவன். ஒருவரை ஒருவர் யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை.

இன்று காப்பு அவிழ்த்தாயிற்று. சேலையை அலசிக் காயப்போட்டு மடித்து பீரோவில் வைத்தேன்.

அக்டோபர் 16, புதன்

கண் ஓரத்து மை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆபீஸில் ஒருத்தர் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ ஊரில் ஒரு ஆள் நைட்டி போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார், பின்னால் பையன்கள் கத்துகிறார்கள். எல்லாரும் சிரித்தார்கள். காட்டினவர் போன வாரம் என் தட்டில் ஐம்பது ரூபாய் போட்டுத் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டவர்.

அவரிடம் கோபமில்லை. எனக்குள்ளே ஒன்று தெளிவானதுதான் முக்கியம். திருவிழாவில் என்னிடம் இருக்கும் தைரியம் எனக்குச் சொந்தமானது இல்லை, அம்மன் பெயரால் ஊர் கொடுப்பது. காப்பு அவிழ்ந்ததும் ஊர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. மீதி நாட்களுக்கு வேண்டிய அனுமதியை நான்தான் எனக்குக் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷம் கொடுக்கவில்லை.

ராத்திரி சினிமாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நம் படங்களில் ஆண் பெண் உடை போட்டால் அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். ‘அவ்வை சண்முகி’யில் (1996) பெற்ற மகளோடு இருக்க, ‘ரெமோ’வில் (2016) காதலிக்கிற பெண்ணை மடக்க. காரியம் முடிந்ததும் அந்த உடையைக் கழற்றிவிடுகிறார்கள். பிடித்திருந்தது, போட்டேன் என்று ஒரு பாத்திரம் சொல்லி நான் பார்த்ததில்லை. அதற்கும் முந்தைய நாடக மேடையில் இவ்வளவு சமாதானம் தேவைப்படவில்லை. ஆண்கள் போடும் பெண் வேடத்துக்கு ஸ்திரீபார்ட் என்றே தனிப் பயிற்சி இருந்தது. சிவாஜி கணேசன் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து போட்ட ஆரம்ப வேடம் சீதை. இந்தப் பக்கம் கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் நந்தனாராகவும், எம்.எஸ். சுப்புலட்சுமி 1941-இல் ‘சாவித்திரி’யில் நாரதராகவும் திரையில் வந்தார்கள். ஆண் வேடம் போட்ட அந்த இரண்டு பெண்களையும் ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. இன்றைக்கும் என் மகள் என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு காலேஜ் போகிறாள், தெருவில் ஒரு தலை திரும்புவதில்லை. பெண் ஆணின் உடைக்கு வந்தால் ஏறினாள் என்று நினைக்கிறார்கள், ஆண் பெண்ணின் உடைக்குப் போனால் இறங்கிவிட்டான் என்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில் இருப்பது பெண் என்றால் மட்டம் என்கிற நினைப்பு. அதற்கு நான் ஏன் தலைகுனிய வேண்டும்?

நவம்பர் 10, ஞாயிறு

சாதாரண நாளிலும் சேலை கட்டி வெளியே போக ஆசை என்று மனைவியிடம் சொன்னேன். தசரா சேலையை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். ஆனாலும் சொல்லத் தொண்டை அடைத்தது. அடுப்பில் கொதித்த ரசத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? மத்தவங்க காப்பு அவுத்ததும் சேலையத் தூக்கி எறிஞ்சிட்டு வாராங்க. நீங்க ஃபால்ஸ் பிரிஞ்சிருக்கான்னு பாத்து மடிச்சு வைக்கீங்க.”

பிறகு அவளுடைய பயத்தைச் சொன்னாள். “வெளிய போனா போலீஸ் பிடிச்சிட்டா என்னங்க செய்ய?”

நியாயமான பயம். தேடிப் படித்ததை அவளுக்குச் சொன்னேன். ஆண் சேலை கட்டக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் எதுவும் இல்லை. ஒருகாலத்தில் அப்படி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, அலிகள் என்று பதிவேட்டில் ஏற்றப்பட்டவர்கள் பெண்ணுடையிலோ நகையிலோ பொதுத் தெருவில் வந்தாலே வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம் என்றது. இரண்டு வருஷம் வரை சிறை. வடக்கே அதை நடைமுறைப்படுத்தினார்கள். சட்டம் எப்போதோ போய்விட்டது, அது விதைத்த பார்வை போகவில்லை. 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நால்சா என்று சொல்லப்படுகிற வழக்கில், ஒருவர் தான் உணர்கிற பாலினத்தை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் 19(1)(அ) தருகிற கருத்துரிமைக்குள் வரும் என்றது. திருநங்கையர், திருநம்பியர் நடத்திய போராட்டத்தில் கிடைத்த தீர்ப்பு அது. அவர்கள் போட்ட பாதையில்தான் நானும் நடக்கப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளைத் தொடர்ந்து, இந்தச் சமூகத்தினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று 2022-இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்தார்கள்.

கேட்டுக்கொண்டே இருந்தவள், “அந்தத் தசரா ஜாக்கெட்ட மட்டும் போட்டுட்டு வராதீங்க, கைக்குழி பிதுங்குது” என்றாள்.

சரியாகச் சொன்னாள். பெண் அளவுக்குத் தைத்த ஜாக்கெட்டில் என் தோள் அடங்காது. கை தூக்கினால் முதுகுக் கொக்கி தெறிக்கும். அந்தத் தெறிப்புக்குப் பயந்தே கூனிக்கொண்டு நடப்பேன். திருவிழாவில் அது பரவாயில்லை. சாதாரண நாளில் கூனல்தான் முதலில் கண்ணில் படும், சேலை அப்புறம்தான். சாயங்காலமே பழைய தையல்காரரிடம் போனேன். உங்களுக்கா என்று அவர் கேட்கவில்லை. டேப்பை எடுத்துத் தோளைச் சுற்றினார். “அண்ணாச்சி, ஷோல்டர் அகலம். கைக்குழிய இறக்கி வெட்டணும். முன்பக்கம் டார்ட் வேண்டாம், இழுத்துப் பிடிக்கும். கொக்கி முன்னால வச்சிருதேன்.” முழங்கை வரை கை, கழுத்து மூடினாற்போல. மாம்பழ மஞ்சள் துணி.

ஜனவரி 5, 2025. ஞாயிறு

போய்வந்தோம்.

மனைவிதான் இடத்தைச் சொன்னாள், கடற்கரைச் சாலை, ரோச் பூங்கா, அப்படியே பஜாரில் மக்ரூன் வாங்கிக்கொண்டு வீடு. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பி இருட்டுமுன் திரும்புவது. திரும்பி வர ஆட்டோவும் பேசியாகிவிட்டது. இதையெல்லாம் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. தனியாக ராத்திரி நடக்க வேண்டியிருக்கிற திருநங்கையருக்கு இந்த வசதி எதுவும் இல்லை. எனக்கு இருக்கும்போது அதை வைத்துக்கொண்டு பழகுவதில் வெட்கம் என்ன?

மாந்தளிர் நிறத்தில் சுங்குடிச் சேலை, கஞ்சி போட்டது. வழுக்குகிற சில்க் வேண்டாம் என்பது அவள் கட்டளை. பருத்தி நின்ற இடத்தில் நிற்கும். கொசுவத்தை நானே எடுத்தேன். ஐந்தாவது மடிப்பில் அவள் கையைத் தட்டினாள். “அகலம் கூடுது, நாலு விரல் போதும்.” கரை தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேலே ஒரு விரல் ஏற்றிக் கட்டினோம். சவுரி வைக்கவில்லை, லிப்ஸ்டிக் இல்லை. என் தலைமுடி, என் முகம், என் கண்ணாடி. பெண் என்று யாரையும் நம்பவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை, சேலை கட்டிய நானாக இருந்தால் போதும். இந்த முடிவு எடுத்ததும் பாதிப் பயம் இறங்கிவிட்டது. நம்பவைக்கிற வேலை இருந்தால்தானே எங்கே மாட்டிக்கொள்வோமோ என்கிற பயம்?

தெருவில் இறங்கின முதல் சில நிமிஷம் காது மட்டும்தான் இருந்தது எனக்கு. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் கழுத்து விறைத்தது. ஆம்பளை எட்டு வைத்தால் கொசுவம் முழங்காலில் இடிக்கும், எட்டைக் குறைத்தேன். குறைத்ததும் மூச்சும் குறைந்தது. பூங்காவில் சிலர் பார்த்தார்கள். பார்வை முகத்துக்கு வரும், சேலைக்கு இறங்கும், மறுபடி முகத்துக்கு வரும். அந்த இரண்டாவது தடவை என் முகத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தேடுகிறார்கள் என்று தோன்றியது. தலையாட்டி வைத்தேன். பெரும்பாலும் பதிலுக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

எல்லாரும் இல்லை. பைக்கில் போன மூன்று பையன்கள் ஒரு வார்த்தை சொல்லிக் கத்தினார்கள், எழுத விருப்பமில்லாத வார்த்தை. காது சுட்டது. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். நடந்துகொண்டே இருந்தோம். அந்த வார்த்தை வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பத்து வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது இவ்வளவுதான். வந்தது, போனது. நானும் இருந்தேன், சேலையும் இருந்தது.

மக்ரூன் கடையில் நல்ல கூட்டம். என் முறை வந்ததும் கடைக்காரர் ஒரு கணம் நிறுத்தினார். “கால் கிலோ கொடுங்க” என்றேன், என் சொந்தக் குரலில், ஆபீஸில் பேசுகிற அதே குரலில். “முந்திரி மக்ரூனா, சாதாவா அண்ணாச்சி?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே டப்பாவைத் திறந்துவிட்டார். எடை போட்டு, பாக்கி சில்லறை எண்ணிக் கொடுத்து, அடுத்த ஆளைப் பார்த்தார்.

ஜனவரி 19, ஞாயிறு

காளி வேடம் போடுகிற தம்பி வீட்டுக்கு வந்தான். யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சிரிக்க வந்திருக்கிறான் என்று முதலில் நினைத்தேன். டீ குடித்து முடிக்கிற வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, “காளிக்கு வளையல் போடுதேன்லா அண்ணாச்சி, கழட்டும்போது ஒவ்வொரு வருசமும் அழுக வருது” என்றான். “யார்ட்டயும் சொன்னதில்ல.”

அவனுக்கு 23 வயசு. அப்பா முன்கோபக்காரர். எனக்கு இருக்கிற சம்பளமும் வயசும் பக்கத்தில் நடக்க ஒரு மனைவியும் அவனுக்கு இல்லை. நான் போனேன், நீயும் போ என்று சொல்ல வாய் வரவில்லை. தெருவுக்கு இன்னும் அவசரமில்லை, வீட்டை முதலில் பார் என்றேன். வீட்டில் முடியாவிட்டால் எங்கள் வீடு இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று பழகு. உன்னைப் பார்த்து உனக்கே வருகிற சிரிப்பு நிற்கிற வரைக்கும் பழகு. வளையல் போட்டுக்கொண்டு சட்டைக் கையை மடக்கி உட்கார்ந்து சாப்பிடு, பேப்பர் படி, கணக்கு எழுது. வேடம் போட்டதாகத் தோன்றாமல் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்போது சொல், சேர்ந்து போவோம்.

என் மனைவி உள்ளேயிருந்து அவளுடைய கண்ணாடி வளையல் டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் கைக்கு எதுவும் ஏறவில்லை. கை கொஞ்சம் பெரிசு. இரண்டே கால் சைஸ் போதாது, இரண்டே முக்கால் வேண்டும் என்று அளவு பார்த்துச் சொன்னாள். நாளைக்கு ஆபீஸ் விட்டு வரும்போது வளையல் கடைக்குப் போக வேண்டும். பச்சையில் ஒரு டஜன் கேட்டிருக்கிறான்.