திண்ணையா, தெருவா

ஜனவரி 20, திங்கள்
கடைவாய்ப் பல் மறுபடியும். கிராம்பை அடக்கிக்கொண்டே எம்.ஏ. வகுப்பு. ரிக்கார்டோவின் வாரக் கோட்பாடு. கடைசி பெஞ்சுப் பெண்: "மழை பொய்ச்சாலும் குத்தகை கொடுக்கறோமே மேடம், அது இதுல எங்க வரும்?" நல்ல கேள்வி. பதில் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது.
வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழக ஃபெலோஷிப் அறிவிப்பை ராத்திரி இன்னொரு தடவை படித்தேன். அங்கே போனால் வகுப்பு கிடையாது, விடைத்தாள் கிடையாது. நூலகம். எழுதியதை மற்றவர்கள் முன் வைத்துப் பேசும் கூட்டங்கள். எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் வேண்டும். நான் எழுதியதை யாராவது பேனாவும் கையுமாகப் படிக்க வேண்டும்.

ஜனவரி 22, புதன்
கைடு சாருக்கு போன் செய்தேன். "ஜார்ஜெஸ்கு ரோகனோட காகிதமெல்லாம் டியூக்லதான் இருக்கு. குமரப்பாவை அவரோட சேர்த்து எழுதும்மா, எடுபடும்."
எடுபடும்தான். காந்தியப் பொருளாதாரம் பேசிய குமரப்பா ஜபல்பூர் சிறையில் எழுதி 1945இல் வந்த 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்'. ஜார்ஜெஸ்கு ரோகன் 1971இல் எழுதிய என்ட்ரோபி புத்தகம். நிலக்கரியும் தாதுவும் தோண்டத் தோண்டத் தீருமே என்று இரண்டு பேருமே பதறியிருக்கிறார்கள். ராத்திரி வெகுநேரம் குறிப்பு எடுத்தேன். வலியே தெரியவில்லை. குமரப்பாதான். முடிவு.

ஜனவரி 23, வியாழன்
இல்லை. தூசிதான்.
குமரப்பாவை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். தூசி நம் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம். 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வருகிறார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில், தொழிலாளிகள் படிக்கும் ரஸ்கின் கல்லூரியில் முதல்வர். வந்த மறுவருஷமே மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போகும்போது விசாரித்து எழுதி வாருங்கள் என்கிறார். வடமலாபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி. 1918இல் புத்தகம். பொருளாதாரச் சிந்தனை வரலாறு என்று நான் வகுப்பில் நடத்தும் பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருபது வயதுப் பையன்கள் நிலத்தையும் கடனையும் கூலியையும் ஊர் ஊராய் எழுதி வைத்தது சிந்தனை இல்லையா?

ஜனவரி 26, ஞாயிறு
தூசி. போளூர், ஆரணி, செய்யாறு என்று பஸ். இடுப்பு விட்டுப்போயிற்று.
மாமண்டூர் ஏரிக்கரையில் நின்றேன். காற்று. அறுத்த வயலில் தாள் நிற்கிறது, கொக்குகள். டீக்கடைப் பெரியவர், "இன்னாம்மா, எந்த ஆபீசு? பட்டா விஷயமா?" ஆபீஸ் இல்லை, படிப்புக்காக என்றேன். நம்பவில்லை. ஆனாலும் அரை மணி நேரம் பேசினார். அவர் அப்பா காலத்தில் கூலி நெல்லாய் அளந்தார்களாம். இப்போது பேத்தி சிப்காட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்கிறது.
திரும்பும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. 1916இல் தூசியைப் பற்றி எழுதிய பையன் எங்கே உட்கார்ந்து கேட்டான்? கூலிக்காரர் தெருவுக்குள் போனானா? இல்லை, திண்ணையில் இருந்துகொண்டு, அவர்களைப் பற்றி வேறு யாரிடமோ கேட்டு எழுதினானா? கடன் எவ்வளவு என்று கேட்டால், கடன் கொடுத்தவனின் சொந்தக்காரப் பையனிடம் யார் நிஜம் சொல்வார்கள்? இதுதான் என் திட்டம். இவ்வளவுதான்.

ஜனவரி 29, புதன்
விண்ணப்பத்தின் முதல் பத்தி வரவில்லை. இரண்டாவது வந்துவிட்டது: 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் செய்த மறு ஆய்வு, 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல், 1980களில் சென்னை எம்.ஐ.டி.எஸ் ஆய்வு நிறுவனத்திலிருந்து குகன். குகன் மேல் எனக்குத் தனி மரியாதை. நிதிச் செயலராக இருந்தவர் வந்து ஒரு கிராமத்தின் கணக்கை வீடு வீடாகப் பார்த்திருக்கிறார். ஒரே ஊரை இத்தனை தலைமுறை திரும்பத் திரும்பப் போய்க் கேட்டது உலகத்தில் எத்தனை இடத்தில் நடந்திருக்கும்! ஒவ்வொருவரும் எந்தக் கேள்வியைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று வரிசையாக வைத்தாலே போதும்.
கைடு சாரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வரவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்
கடிதம் இல்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று. வாய் முழுக்கப் பஞ்சு. பிள்ளைகளிடம் சைகையில் பேசினேன், சிரித்தார்கள்.
தூசியைப் பற்றி எழுத வட கரோலினா ஏன் போக வேண்டும்? தம்பி கேட்டான். கோபம் வந்தது. அவன் கேட்டது சரி என்பதால் இன்னும் வந்தது. பஸ் ஏறினால் தூசி. ஆனால் ஏறுவதற்கு ஞாயிறு மட்டும்தான் இருக்கிறது. கௌரவ விரிவுரையாளருக்கு ஆய்வு விடுப்பு யார் தருவார்கள்? அங்கே கிடைப்பது ஊர் இல்லை, நேரம். கூடவே, வேலையாக இதையே செய்கிற பத்துப் பேர்.

பிப்ரவரி 5, புதன்
கடிதம் இல்லை. போன் செய்யக் கூச்சம். போக வேண்டாம் என்றே தோன்றுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பது?

பிப்ரவரி 6, வியாழன்
அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "ஒரு வருஷம்தானே? உன் தம்பி எதுக்கு இருக்கான்?" என்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.
முதல் பத்தி வந்துவிட்டது. ரிக்கார்டோ இல்லை, ஸ்லேட்டரும் இல்லை. கேள்விப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நுழையும் பையனில் தொடங்குகிறது.

பிப்ரவரி 7, வெள்ளி
சார் கடிதம் போட்டுவிட்டார். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன். கை சில்லிட்டிருந்தது. கிடைக்க வேண்டும். ரொம்ப வேண்டும். இந்த டைரியில் மட்டும்தான் இதை எழுத முடிகிறது.

பிப்ரவரி 10, திங்கள்
மெயில் பார்த்தேன். இவ்வளவு சீக்கிரம் வராது, தெரியும். பார்த்தேன்.
குத்தகை கேட்ட பெண்ணை நிறுத்தி வைத்துப் பேசினேன். அவளுக்கு மேல்செங்கம் பக்கம். தன் தெருவில் யார் யாரிடம் வாங்கி உழுகிறார்கள் என்று எழுதி வருகிறேன் என்றாள். யார் வீட்டில் எங்கே உட்கார்ந்து கேட்டாய் என்பதையும் எழுது என்றேன்.

பிப்ரவரி 12, புதன்
பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். செங்கம் ரோட்டில் ஆட்டோகூட நகரவில்லை. பாதி வகுப்பு காலி. அந்தப் பெண் வந்திருந்தாள், நோட்டோடு. பதினோரு வீடு. இரண்டு வீட்டில் உள்ளே கூப்பிடவில்லை, வாசலில் நின்று கேட்டேன் என்று எழுதியிருக்கிறாள். பேனாவோடு படித்தேன்.
ஞாயிற்றுக்கிழமை மறுபடி தூசி. இவளும் வருகிறாள். அம்மாவும் வருகிறேன் என்கிறாள், அப்படியே காஞ்சிபுரத்தில் புடவை பார்க்கணுமாம்.