கரிசல் மண்ணில் கந்தகக் கூலி

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை திருமங்கலத்தைக் கடந்து விருதுநகரை அடைகிறது. 1903-ஆம் ஆண்டில் பெருந்தலைவர் காமராசர் பிறந்த ஊர் இது. பருப்புக்கும் எண்ணெய்க்கும் பெயர்பெற்ற வணிகத் தலம். இங்கிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சென்றால் சிவகாசி. வழிநெடுகக் கரிசல் நிலமும் சீமைக் கருவேலமுமே கண்ணில் படுகின்றன.

இது வானம் பார்த்த பூமி. உழவனை வாட்டிய வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உகந்ததாயிற்று. 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இங்கே அத்தொழிலுக்கு வித்திட்டனர். நிலம் கைவிட்ட குடும்பங்களுக்கு ஆலைகள் சோறளித்தன. இந்நன்மையை மறுப்பதற்கில்லை.

ஊருக்கு வெளியே பொட்டலில், ஒன்றையொன்று ஒட்டாமல் நிற்கும் சிற்றறைகளே பட்டாசு ஆலைகள். ஓர் அறை வெடித்தாலும் அடுத்தது தப்பவேண்டும் என்பதற்காகவே இந்த இடைவெளி. காலையில் வேன்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆண்களையும் பெண்களையும் ஏற்றி வருகின்றன. ஒரு காலத்தில் சிறுவர் சிறுமியரும் அவ்வாறே வந்தனர். 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அக்கொடுமையைப் பெரிதும் ஒடுக்கின. அண்மைக் காலத்தில் வட மாநிலத்தாரும் பிழைப்புத் தேடி இங்கு வருகின்றனர்.

இவர்கள் பெறும் கூலி எத்தகையது? பெரும்பாலும் துண்டுக் கூலியே. செய்து முடித்த எண்ணிக்கைக்கே காசு. மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. மகளின் திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ முன்பணம் வாங்கியவர், அது தீரும்வரை அந்த ஆலையை விட்டு விலகுவது அரிது. மொழியறியாது தரகரை நம்பி வந்தவரோ, கணக்குக் கேட்கவும் வழியற்றவர். வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது; ஆயினும் பதிவேட்டில் பெயரில்லாதவனுக்குச் சட்டம் எட்டாக்கனியே.

எண்ணிக்கையைக் கூட்டக் கை விரைகிறது. வெடிமருந்தோ விரைவைப் பொறுப்பதில்லை. உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விட, இடையில் நிற்போர் பங்கு போக எஞ்சுவதே கூலியாகிறது. நால்வர் இருக்கவேண்டிய அறையில் பலர் நெருங்குகின்றனர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று, உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்த அச்சன்குளம் ஆலையில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். குறைந்த கூலியும் வெடிவிபத்தும் இரு வேறு துயரங்கள் அல்ல. ஒன்றன் வேரில் மற்றது முளைக்கிறது.

தொழிலாளியும் முதலாளியும் ஒப்பிய கூலியாயினும், அது சிக்கனமாய் வாழும் தொழிலாளியின் பிழைப்புக்குப் போதாதெனில் நீதியாகாது என்பதே 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் காட்டிய நெறி. பிடித்துவைக்கப்பட்ட கூலி ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று புனித யாகப்பரும் தம் நிருபத்தில் எச்சரிக்கிறார்.

அன்பர்களே, நம் பங்குத் திருவிழாவில் வாணவேடிக்கை உண்டு. கிறிஸ்துமஸ் இரவில் நம் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்துகின்றனர். உரிமம் பெற்ற ஆலையின் சரக்குதானா என்று கேட்டு வாங்குவோம். ஊர்விட்டு ஊர் வந்த தொழிலாளர் குடும்பம் நம் ஆலயத்தின் பின்வரிசையில் நின்றால், அருகழைத்துப் பேசுவோம். கூலி கிடைக்காதிருப்பின், தொழிலாளர் நல அலுவலகத்துக்கு மனு எழுத நம் இளைஞர் துணை நிற்கட்டும். தச்சுத் தொழிலால் திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர் அம்முயற்சியை ஆசீர்வதிப்பாராக.