எண்தான் ஆள்

வேப்பந்தட்டையில் நான் வேலை கற்றுக்கொண்ட கணினி மையத்துக்கு அரும்பாவூர், பூலாம்பாடி, தொண்டமாந்துறைப் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இன்று உட்கார்ந்த மெஷின் நாளைக்குக் கிடைக்காது. பென்டிரைவில் எடுத்துப் போனால் வைரஸும் கூடவே வரும். அதனால் எல்லாருடைய ஹோம் ஃபோல்டரையும் ஒரே சர்வரில் வைத்துவிடலாம் என்று முடிவானது. எதில் லாகின் செய்தாலும் அவரவர் ஃபோல்டர் அங்கே வந்து நிற்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் உருவாக்கிய என்எஃப்எஸ்தான் இன்றும் லினக்ஸில் இந்த வேலைக்குக் கைகொடுக்கிறது.

சொல்லிக்கொடுத்த அண்ணன் எடுத்தவுடன் கமாண்டுக்குப் போகவில்லை. புதிதாக லினக்ஸ் போட்ட இரண்டு மெஷினை எடுத்துக்கொண்டார். ஒன்றில் முதலில் ‘பருத்தி’, பிறகு ‘சோளம்’ என்று யூசர் உருவாக்கினார். மற்றதில் சோளம் முதலில், பருத்தி பிறகு. முதல் மெஷினில் பருத்தியாக நுழைந்து சர்வரில் ஒரு ஃபைல் எழுதினார். இரண்டாவது மெஷினில் பட்டியல் எடுத்தால், அதே ஃபைலின் உரிமையாளர் சோளம்! சோளமாக நுழைந்து அதை அழித்தும் காட்டினார்.

“சர்வருக்குப் பேர் முக்கியமில்லம்மா, நம்பர்தான் ஆள்” என்றார். ஒவ்வொரு மெஷினும் தன் போக்கில் 1001, 1002 என்று எண் கொடுக்கிறது. ஆளை உறுதிசெய்யும் கெர்பரோஸ் போடாதவரை என்எஃப்எஸ் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடும். ஆகவே எண் ஒரே இடத்திலிருந்துதான் வர வேண்டும். அதற்காக எல்லா யூசர் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் எல்டேப் வைத்தோம். ரூட் ஸ்குவாஷ் இருந்தால் போதாதா என்று கேட்டேன். அது ரூட்டை மட்டும்தான் தடுக்கும். மாணவர் மெஷினில் ரூட் ஆனவர் 1001 ஆக மாறிக்கொண்டு உள்ளே போய்விடலாம். அதனால் ரூட் பாஸ்வேர்டு யார் கைக்கும் போகக் கூடாது என்பதில் அண்ணன் கறாராக இருந்தார். எனக்கும் அது சரியென்றே பட்டது. வேலைக்கு எழுதிய விண்ணப்பம், வங்கித் தேர்வுக் குறிப்பு எல்லாம் பிள்ளைகள் அந்த ஃபோல்டரில்தான் வைத்திருந்தார்கள். அனுமதி 700, அதாவது உரியவர் மட்டுமே திறக்கலாம்; அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

கரண்ட் போனால் சர்வரும் மெஷின்களும் யுபிஎஸ்ஸில் ஓடும். நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் நேர் லைனில் இருந்தது. திரைகள் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். ரீஸ்டார்ட் பட்டனுக்குப் போன கைகளை அண்ணன் தடுத்தார். சர்வர் ஃபோல்டரை ஹார்டு மவுண்டாக இணைத்திருந்தோம். அப்படியென்றால் சர்வர் பதில் சொல்லும்வரை மெஷின் கேட்டுக்கொண்டே இருக்கும். சாஃப்ட் என்று போட்டால் பாதியில் கைவிட்டுவிடும், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெட்டுப்போகலாம். கரண்ட் வந்து ஸ்விட்ச் விழித்ததும், அதுவரை தட்டிய எழுத்துகள் வரிசையாகத் திரையில் வந்து விழுந்தன. அடுத்த வேலையாக ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றினோம்.

ஆளுக்கு இவ்வளவு இடம் என்று கோட்டா போடுவது எளிது, சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. இப்போது குழுவாக புராஜெக்ட் செய்பவர்களுக்குப் பொது ஃபோல்டர் அமைக்கிறேன். 2770 கொடுத்தால் உள்ளே பிறக்கும் ஃபைலும் அதே குழுவுக்குச் சேரும். அதோடு யூமாஸ்க்கை 002 ஆக்கினால்தான் ஒருவர் எழுதியதில் மற்றவர் திருத்த முடியும்.