எங்கள் அன்பியத்தில் ஒரு தேர்தல்

சட்டசபைக்கும் மாநகராட்சிக்கும் ஓட்டுப் போட்டுப் பழகிய நமக்கு, கோயிலுக்குள்ளும் ஒரு தேர்தல் நடக்கிறது என்றால் வேடிக்கையாக இருக்கும். கத்தோலிக்கக் கோயில்களில் ‘பங்குப் பேரவை’ என்று ஒன்று உண்டு. ஒரு கோயிலைச் சேர்ந்த குடும்பங்களையெல்லாம் தெருவாரியாகப் பிரித்து, முப்பது நாற்பது வீட்டுக்கு ஓர் ‘அன்பியம்’ என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் பேரவைக்குப் பிரதிநிதி போகவேண்டும். மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, இளைஞர் என்று மற்றவர்களும் வருவார்கள். பங்குச் சாமியார்தான் தலைவர்.

வத்திக்கானில் 1962 முதல் 1965 வரை நடந்த பெரிய சங்கத்துக்குப் பிறகுதான் இந்த யோசனைகளெல்லாம் கிளம்பின. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 536-ஆவது சட்டம் பேரவையைப் பற்றிச் சொல்கிறது. ஆயர் விரும்பினால் ஒவ்வொரு பங்கிலும் அமைக்கலாம். ஆனால் அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. முடிவு சாமியார் கையில். “அப்புறம் எதுக்கு ஓட்டு, சீட்டு எல்லாம்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வீட்டில் கூட முடிவு அவர் கையில்தான் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆலோசனை சொல்கிறவளுக்குத்தானே தெரியும் எது நடக்கிறது என்று!

நாங்கள் இருப்பது திருவொற்றியூர்ப் பக்கம். எங்கள் அன்பியத்தில் 34 குடும்பம். 2024 ஜூனில் பிரதிநிதி தேர்தல் வந்தது. இத்தனை வருஷமும் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்தான் போய்வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர், கணீரென்று பேசுவார். யாரும் போட்டி போட்டதில்லை. இந்த முறை போட்டி வந்ததற்குக் காரணம் அரிசி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அந்த வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் கலந்து, வலை, படகு எல்லாம் கறுத்துப்போனது. கோயிலிலிருந்து நிவாரண அரிசி கொடுத்தார்கள். எங்கள் அன்பியப் பட்டியலில் மூன்று வீடு விட்டுப்போயிற்று. மூன்றும் பின்கட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். அதில் இரண்டு வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. பெரியவர் வேண்டுமென்று செய்யவில்லை. முன்கதவு வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். பின்கட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கூடை தூக்கிப் போகிற மீன்கார அக்காவுக்குத்தான் தெரியும். அந்த மூன்று வீட்டுக்கும் அவர்தான் தன் பங்கு அரிசியைப் பிரித்துக் கொடுத்தார்.

இது ஒன்றும் புதுக்கதை இல்லை. வேதாகமத்தில் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமில் முதல் கிறிஸ்தவர்கள் கூடி வாழ்ந்தபோது, தினசரி சாப்பாட்டுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விட்டுப்போனார்கள் என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் எல்லோரையும் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். தேர்ந்தெடுத்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்! யாருக்குக் குறை வந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்களையே போட்டிருக்கிறார்கள் போலும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் கைம்பெண்களுக்காக நடந்த தேர்தலில் ஏழு பேரும் ஆண்கள்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மீன்கார அக்காவின் பெயரை நாலைந்து பெண்கள் முன்மொழிந்தோம். அவருக்கே பயம். “நான் இன்னாத்தம்மா அங்க வந்து பேசப்போறேன்? கூடையத் தூக்கத்தான் தெரியும்” என்றார். ஒரு வீட்டு அண்ணன், எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படிப் பேரவையில் உட்காருவது என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். எழுத நான் இருக்கிறேன், அன்பியச் செயலாளர் என்று நோட்டுப் புத்தகம் என்னிடம்தானே இருக்கிறது என்றேன். மீன் கணக்கை அவர் மனத்திலேயே போடுவதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

உண்மையான சண்டை அதற்கு அப்புறம்தான். ஓட்டு யாருக்கு? வழக்கப்படி குடும்பத்துக்கு ஓர் ஓட்டு. அதாவது வீட்டுக்காரர் ஓட்டு. வாரம் தவறாமல் ஜெபத்துக்கு வந்து, பாய் விரித்து, சுண்டல் கிண்டி, நோயாளி வீட்டுக்குப் போய்வருவது பெண்கள். ஓட்டுப் போடும் அன்று மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு வருவது ஆண்கள். நான் வருகைப் பதிவு நோட்டைக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் நீட்டினேன். ஒரு வருஷத்துப் பக்கங்களைப் புரட்டினார். சில பக்கங்களில் ஆண் பெயரே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பதினெட்டு வயசு ஆன எல்லாருக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு” என்றார்.

நம் சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது. அன்றைய இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். அதுவும் சொத்து, வரி என்று தகுதி உள்ள பெண்களுக்கு மட்டும். வத்திக்கானில் ஆயர்கள் மாமன்றத்தில் பெண்கள் ஓட்டுப் போட்டது 2023 அக்டோபரில்தான். போப் பிரான்சிஸ் அனுமதி கொடுத்து, 50-க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்களித்தார்கள். நூற்றிரண்டு வருஷ இடைவெளி! பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அவர்கள் சபையில் பெண்கள் ஓட்டுப் போடுவது சாதாரணம். 2013-இல் ஒரு பெண்ணே பேராயராகிவிட்டார். “ஆனா சந்தா பாக்கி இருந்தா ஓட்டு கிடையாது. எலெக்‌ஷன் வந்தா அண்ணன் தம்பி முகம் பார்க்கமாட்டான், கோர்ட்டு வரைக்கும் போவாங்க” என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் நாங்கள்.

ஞாயிறு மாலை ஒரு வீட்டுத் திண்ணையில் சீட்டு எழுதிப் போட்டோம். பெட்டிக்கு எவர்சில்வர் தூக்கு. எழுதத் தெரியாதவர்களுக்கு இரண்டு நிறச் சீட்டு: நீலம் பெரியவருக்கு, மஞ்சள் அக்காவுக்கு. வந்திருந்தவர்கள் 58 பேர். மஞ்சள் 31, நீலம் 26, ஒன்று வெறும் சீட்டு. பெரியவர் எழுந்துவந்து அக்காவுக்குச் சால்வை போட்டார். மறுவாரம் மட்டும் ஜெபத்துக்கு வரவில்லை. பிறகு வந்தார்.

அக்கா பேரவையில் முதலில் கேட்டது அரிசியை அல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா வாயு கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்களே, அதைத்தான் கேட்டார். “ராத்திரி நாத்தம் வந்தா யாரு எழுப்புவா? கோயில் மைக் எதுக்கு இருக்குது? படுக்கையில கெடக்கற கெழவிய யாரு தூக்குவா?” என்றார். சாமியார் குறித்துக்கொண்டார். ஆலோசனைதான், முடிவில்லை. ஆனால் அடுத்த மாதமே உபதேசியாரிடம் மைக் அறையின் இன்னொரு சாவி வந்துவிட்டது.

பட்டியலை நானும் அக்காவும் வீடு வீடாகப் போய் எடுத்தோம். கைக்குழந்தை, கர்ப்பிணி, இழுப்பு உள்ளவர், நடக்கமுடியாதவர். கூடவே வாயு வந்தால் செய்யவேண்டியதையும் சொன்னோம்: ஈரத்துணியால் மூக்கு வாயை மூடிக்கொள்ளவேண்டும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, கசிவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக விலகவேண்டும், கண் எரிந்தால் கசக்காமல் பதினைந்து நிமிஷம் சுத்தமான தண்ணீரால் கழுவவேண்டும், மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. குழந்தைகளின் கன்னத்தில் ஈரத்துணி வைத்துக் காட்டியபோது அதுகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தன.

பட்டியலில் ஒரு பிரதி உபதேசியார் வீட்டில், ஒன்று என் வீட்டு அலமாரியில். வாடகைக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தவேண்டியிருக்கிறது. பின்கட்டுக்கு அக்கா, முன்கட்டுக்குப் பெரியவர் என்று இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறோம்.