சிரித்த பேயும் சிரிக்காத பேயும்

இடுகாட்டின்மீது எழுப்பிய விடுதியில் பிணங்கள் எழுந்து பழிவாங்குகின்றன: இதுவே 1981-இல் வெளிவந்த 'ஹோட்டல்' என்னும் ஹிந்திப் படத்தின் கதை. சொற்பச் செலவில் பேய் காட்டுவதில் பெயர் பெற்ற ராம்சே சகோதரர்களின் கைவண்ணம். சென்ற விடுமுறையில் வீட்டில் பார்த்தோம். பேயின் முகப்பூச்சைக் கண்டு குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நாமும் சிரித்தோம்.

மறுநாள் மகாலிங்க சுவாமி தரிசனம். வரகுண பாண்டியனைத் தொடர்ந்து வந்த பிரம்மஹத்தி, நம்மூர்க் கீழை வாயிலில் இன்றும் காத்திருப்பதாக ஐதிகம். அவ்வழி புகுந்தோர் அவ்வழி மீளுவதில்லை. முந்தின இரவு சிரித்த குழந்தைகள், எவரும் சொல்லாமலே வேறு வாயிலை நோக்கி நடந்தார்கள். பாட்டி சொன்ன கதைக்கு முகப்பூச்சு வேண்டியிருக்கவில்லை!

பேயென்பது வெறும் பிரமை என்று வகுப்பில் போதிக்கும் நாமும், வாய் திறவாமல் அவர்கள் பின்னே நடந்தோம்.