பாதிரியார் கொண்டுவந்த கொடியா?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களிடம் ஊர்ப் பெருமை என்னவென்று கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பென்னிகுயிக் கட்டிய அணை, பண்ணைப்புரத்து இளையராஜா, அல்லிநகரத்து பாரதிராஜா, வடுகபட்டி வைரமுத்து, போடி ஏலக்காய், சுருளி அருவி என்று மூச்சுவிடாமல் வரும். என் வரிசையில் முதலில் நிற்பது பன்னீர் திராட்சை. கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று நீளும் கிராமங்களில், கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலுக்குக் கீழே கறுத்துத் தொங்கும் கொத்துகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். குமுளிக்குப் போகும் கேரளத்துக் குடும்பங்கள் வண்டியை நிறுத்தி, பந்தலுக்குள் புகுந்து படம் எடுத்துக்கொள்ளும்போது, அது ஏதோ எங்கள் வீட்டுக் கல்யாணம் போல மனசு பூரிக்கும்.

என் சித்தப்பா மகன் மாசசூசெட்ஸில் குடியேறி இப்போது அமெரிக்கக் குடிமகன். அவன் வீட்டிலிருந்து காங்கார்டு என்ற ஊர் கிட்டத்தில்தான். அமெரிக்க விடுதலைப் போரின் முதல் சண்டைகள் நடந்த ஊர் என்பதால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை அதிகம். கூடவே ஒரு திராட்சையும் அவர்களுடைய பெருமை. தங்கத் தகடு தட்டும் தொழில் செய்த எஃப்ரைம் புல் என்பவர், காட்டுத் திராட்சை விதைகளை வீட்டுத் தோட்டத்தில் போட்டு, முளைத்த செடிகளில் கழித்துக் கழித்து, 1849-இல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 1853-இல் அதை மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கத்தின் பார்வைக்கு வைத்தார். அமெரிக்கக் குழந்தைகள் குடிக்கும் ஊதாநிறத் திராட்சைச் சாறும் ரொட்டியில் தடவும் ஜெல்லியும் பெரும்பாலும் அந்தக் காங்கார்டு திராட்சைதான். ஆள் யார், ஆண்டு எது, வீடு எது என்று எல்லாவற்றுக்கும் அங்கே பதில் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தம்பி என்னிடம் கேட்டான்: "நம்ம பன்னீர் திராட்சைய யாருண்ணே கொண்டுவந்தது?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்வதுதான். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளும் இந்த வரியைத்தான் அச்சிட்டன. "பேரு என்னண்ணே?" என்றான் தம்பி. அந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

முதலில் பாதிரியாரின் பக்கமிருந்து தொடங்கினேன். கத்தோலிக்கப் பூசைக்குத் திராட்சை ரசம் இல்லாமல் முடியாது. வேறு எந்தப் பழத்தின் ரசத்தையும் திருச்சபை ஏற்பதில்லை. கப்பலில் வரும் ரசத்தை நம்பியிருந்த ஒரு பாதிரியார், நாமே நாலு குச்சி நட்டுப் பார்ப்போம் என்று நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ராயப்பன்பட்டியும் ஆனைமலையன்பட்டியும் பழைய கத்தோலிக்க ஊர்கள், இன்றும் திராட்சை ஊர்கள். இதுவரை கதை பொருந்தித்தான் வருகிறது.

ஆனால் 1832 என்ற ஆண்டை வரலாற்றில் வைத்துப் பார்த்தால் சிக்கல் தொடங்குகிறது. மதுரைச் சீமையில் வேலை செய்த இயேசு சபை 1773-இல் போப்பாண்டவரால் கலைக்கப்பட்டது. 1814-இல் சபைக்கு உயிர் திரும்பிய பிறகும், பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைக்கு வந்து புதிய மிஷனைத் தொடங்கியது 1838-இல்தான். இடைப்பட்ட காலத்தில் கோவாவின் ஆளுகைக்கு உட்பட்ட குருக்களும், புதுச்சேரியில் இருந்த பாரீஸ் வேதபோதக சபையின் குருக்களும்தான் இந்தப் பக்கத்து மக்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஆக 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் என்றால் அவர் புதுச்சேரி வழியாக வந்தவராக இருக்க வேண்டும். நடந்திருக்க முடியாதது அல்ல. ஆளைப் பொறுத்தவரை கதைக்கு இடம் இருக்கிறது.

கொடியைப் பொறுத்தவரை இடம் இல்லை.

பன்னீர் திராட்சைக்கு வேளாண் நூல்கள் தரும் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இந்த ரகம் எங்கே பிறந்தது என்று தேடிப்போனவன், ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போய்ச் சேருவோம் என்று எதிர்பார்த்தேன். போய்ச் சேர்ந்தது இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர். அங்கே ரெஸ்ட் பார்க் என்ற மாளிகை டி கிரே பிரபுவுடையது. அவருடைய தலைமைத் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ. பணக்காரப் பிரபுக்கள் கண்ணாடி வீடு கட்டி, வெந்நீர்க் குழாய் ஓட்டி, குளிர் நாட்டில் திராட்சை பழுக்க வைத்துப் பெருமைப்பட்ட காலம் அது. ஸ்னோ அப்படியொரு கண்ணாடி வீட்டில் 1850 வாக்கில், கருநிறமான பிளாக் ஹாம்பர்க் திராட்சையையும் வெண்ணிறமான அலெக்சாண்டிரியா மஸ்கட்டையும் இணைத்து ஒரு புதுச் செடியை எடுத்தார். ஒன்றின் நிறமும் பருமனும், மற்றொன்றின் மணமும் அதில் சேர்ந்தன. அதுதான் மஸ்கட் ஹாம்பர்க்.

தோட்டக்காரர் சொன்னது உண்மைதானா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. இத்தாலிய ஆய்வாளர் மன்னா கிரெஸ்பான் 2003-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. பெற்றோர் இருவரும் ஸ்னோ சொன்னவைதான். பிளாக் ஹாம்பர்க்கின் இத்தாலியப் பெயர் ஸ்கியாவா குரோஸ்ஸா. லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்டு இன்றும் காய்த்துக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற ராட்சதக் கொடி இதே ரகம். அந்தக் கொடியின் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருளிப்பட்டிப் பந்தலுக்கு அது பெரியம்மா முறை அல்லவா!

ஆக, 1832-இல் பன்னீர் திராட்சை உலகத்தில் எங்குமே இல்லை. அந்த ஆண்டில் ஒரு பாதிரியார் ஒரு திராட்சைக் குச்சியைத் தமிழ்நாட்டில் நட்டிருக்கலாம். மஸ்கட் என்ற பெயரில் ஐரோப்பாவில் பழைய ரகங்கள் பல உண்டு, அவற்றில் ஒன்றாகக்கூட அது இருந்திருக்கலாம். ஆனால் இன்று நாம் பன்னீர் என்று சொல்லி விற்கும் கொடி இங்கே இறங்கியது 1850-க்குப் பிறகுதான். முன்னால் வந்த கொடியின் ஆண்டை, பின்னால் வந்த கொடியின் தலையில் கட்டிவிட்டோம். புவிசார் குறியீடு வாங்கிய ஒரு பயிருக்கு வேறொரு செடியின் பிறந்தநாள் எதற்கு? இதைத் திருத்திச் சொல்வதில் நமக்கு ஒரு குறைவும் வந்துவிடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தேடலில் இன்னொன்றும் கிடைத்தது, அது என்னைக் கொஞ்சம் உலுக்கியது. பிரான்சின் தெற்கே வாந்து என்ற மலையின் அடிவாரத்தில் விளையும் கறுப்புத் திராட்சைக்கு 1997-இலேயே அந்த நாட்டு அரசு தோற்றப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. அது எந்த ரகம் என்று பார்த்தால் இதே மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்துக் கண்ணாடி வீட்டில் பிறந்த ஒரே கொடியைப் பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் மண்ணுக்குரியது என்கிறார்கள், நாங்கள் எங்கள் மண்ணுக்குரியது என்கிறோம். அப்படியானால் கம்பத்துக்கு என்று இதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியோடு சுருளிப்பட்டியில் மாமா முறையாகும் ஒரு விவசாயியின் தோட்டத்துக்குப் போனேன். அன்று கவாத்து நடந்துகொண்டிருந்தது. பந்தல் மேல் இலையெல்லாம் உருவி எடுத்து, வெறும் குச்சிகள் கம்பியில் படர்ந்து கிடந்தன. ஒரு குச்சியைப் பிடித்தார். பென்சில் கனம், பழுப்பு நிறம். அடியிலிருந்து கட்டைவிரலால் கணுக்கணுவாகத் தடவிக்கொண்டே போய், நாலாவது மொட்டைத் தாண்டிக் கத்திரியை வைத்தார். நறுக்கிய முனையில் சற்று நேரத்தில் தெளிந்த நீர் முத்துப்போலத் திரண்டு சொட்டியது. "இந்தா, இந்த மொட்டு உப்பலா இருக்குல்ல, இதுல கொத்து இருக்கு. அது பாரு, தட்டையா இருக்கு, வெறும் இலையா ஓடிரும்" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அவர் விரலுக்கு வித்தியாசம் தெரிகிறது. இன்றைக்குக் காய்க்கப்போகும் கொத்து போன பருவத்திலேயே மொட்டுக்குள் உருவாகி அடங்கிவிட்டது. வெட்டுகிறவர் அதை வெளியிலிருந்தே படித்தாக வேண்டும்.

வாந்து மலையிலும் பெட்ஃபோர்ட்ஷயரிலும் இந்தக் கொடிக்குக் குளிர்காலம் உண்டு. இலை உதிர்த்து உறங்கி, வசந்தத்தில் துளிர்த்து, ஆண்டுக்கு ஒரு முறை காய்க்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில், மேற்கே தொடர்ச்சி மலைக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் கொடியை உறங்க வைக்கும் குளிர் கிடையாது. சும்மா விட்டால் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே போகும், காய்ப்பு ஒழுங்காக வராது. அந்தக் குளிர்காலத்தின் வேலையை இங்கே கத்திரி செய்கிறது.

"நாம கத்தி வச்சாத்தான் மாப்ள அதுக்கு வருசப் பொறப்பு" என்றார் மாமா.

வெட்டியதிலிருந்து சுமார் நான்கு மாதத்தில் அறுவடை. டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதத்தில் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் பழம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் இரண்டு பருவம் இவை. பள்ளத்தாக்குக்காரர்கள் அதோடு நிற்கவில்லை. ஒரு தோட்டத்துக்காரர் இந்த மாதம் வெட்டினால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடுத்த மாதம் வெட்டுவார். இப்படி மாற்றி மாற்றி வெட்டுவதால் ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதோ ஒரு பந்தலில் பழம் இருக்கும். மகாராஷ்டிரத் திராட்சை பருவம் முடிந்து ஓய்ந்துவிடும் மாதங்களிலும் இங்கிருந்து கேரளத்துக்குப் பெட்டி ஏறிக்கொண்டிருக்கும். ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் எடுக்கலாம் என்பது பல்கலைக்கழகக் கணக்கு.

நான் தேடிப்போன பெருமை இந்தப் பந்தலுக்குக் கீழேதான் இருந்தது. குளிர் நாட்டுச் செடியை ஆண்டு முழுக்கக் காய்க்க வைக்கும் கணக்கை, எழுதப் படிக்கத் தெரியாத தாத்தாக்கள் விரலாலேயே பழகி, மகனுக்கும் மருமகனுக்கும் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளத்தாக்கின் திராட்சை வரலாறு என்று எழுத வேண்டியது இதைத்தான். ஒரு பாதிரியாரோடு தொடங்கி அவரோடு முடிந்துவிடும் வரலாறு எனக்குப் போதாது.

எளிய தொழில் அல்ல இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிச்சாம்பல் நோய் இறங்கினால் இலை எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் பூத்துக் கருகும். பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்து ஈ மொய்க்கும். இரண்டுக்கும் நடுவில் நூற்புழு வேரைத் தின்னும், சில இடங்களில் கிணற்று நீர் உப்பேறும். இங்கே பன்னீரைப் பெரும்பாலும் குச்சியாகவே ஊன்றுகிறார்கள், அது தன் சொந்த வேரில் நிற்கிறது. அந்த வேர் புழுவையும் உப்பையும் அதிகம் தாங்காது.

இங்கேதான் அமெரிக்கா மறுபடி வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதைத் தாங்கும் வேரும் அமெரிக்கக் காட்டுக் கொடிகளிடம்தான் இருந்தது. டெக்சாஸில் டெனிசன் என்ற ஊரில் இருந்த டி. வி. மன்சன், சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும் காட்டுக் கொடிகளை அடையாளம் காட்டிப் பிரான்சுக்கு உதவினார். 1888-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு வேளாண்மை விருது கொடுத்துக் கௌரவித்தது. டெனிசன்காரர்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதுதான். அதே டெக்சாஸ் காட்டுக் கொடி வகையில் ஒன்று டாக்ரிட்ஜ். மகாராஷ்டிரத்தில் வறட்சிக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்க அதன் வேர்மேல் ஒட்டுக் கட்டிப் பயிரிடுகிறார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் டாக்ரிட்ஜைப் பரிந்துரைக்கிறது. ஆனைமலையன்பட்டியில் உள்ள அதன் திராட்சை ஆராய்ச்சி நிலையம் எங்கள் பள்ளத்தாக்கின் நடுவிலேயே இருக்கிறது.

இதை மாமாவிடம் சொன்னபோது அமெரிக்கா, டெக்சாஸ் எதுவும் அவரைத் தொடவில்லை. "வேர் மாறுனா மணம் மாறிப்போகுமா?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. பன்னீரின் வாசம், ரோஜாவிலும் உள்ள ஜெரானியால் போன்ற மணப்பொருள்களிலிருந்து வருவது. அவற்றை உண்டாக்கும் குணம் மேலே ஒட்டும் குச்சியோடு வருகிறது. வேர் தருவது முக்கியமாகத் தண்ணீர், சத்து, தாங்கும் சக்தி. இதை விளக்கினேன். அவர் முழுக்க நம்பவில்லை. ஒட்டுச்செடியில் பழுத்த பழத்தைத் தின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். கிணற்றுக்கு மேற்கே உப்புத் தண்ணீர் பாயும் பகுதியில் பழைய கொடிகளை எடுத்துவிட்டு, அடுத்த நடவுக்கு அங்கே மட்டும் டாக்ரிட்ஜ் ஒட்டு வைப்பதாக முடிவு. கல்தூண்களை மாற்றப் போவதில்லை, அவை அவருடைய அப்பா நட்டவை.