ஒரு குதிரைக்கு எத்தனை குதிரைத்திறன்?



எழுதி நெடுநாள் ஆயிற்று. பள்ளிப் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நேரத்தை விழுங்கிவிட்டன. இன்று எழுத அமர்ந்ததற்குக் காரணம் ஒரு மாணவன் கேட்ட கேள்வி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கேள்விக்கு நான் அளித்த தவறான விடை.

ஆறாம் ஆண்டு வகுப்பு. ஆசிரியர் ஒருவர் விடுப்பில் இருந்ததால் அவருக்கு மாற்றாக நான் சென்றிருந்தேன். பின்வரிசையில் மூன்று மாணவர்கள் மகிழுந்து விளம்பரத் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தனர். அத்தாளில் இருந்த எண்தான் வாதத்திற்குக் காரணம். “இந்தக் காருக்கு நூறு குதிரை சக்தி” என்றான் ஒருவன். நல்ல வாய்ப்பு என்று எண்ணிக் கரும்பலகையில் ‘குதிரைத்திறன்’ என எழுதினேன். மலாய் மொழியில் ‘கூவாசா கூடா’ என்பதும் இதுவே என்றேன். ஒரு குதிரையின் வலிமை ஒரு குதிரைத்திறன்; நூறு குதிரைத்திறன் என்றால் நூறு குதிரைகளைப் பூட்டியதற்குச் சமம் என்று விளக்கினேன்.

வழக்கமாகப் பேசாத மாணவன் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, எங்க தாத்தா ஈப்போ பந்தயத் திடல்ல குதிரை பார்த்தவரு. பந்தயக் குதிரை பாயுறப்பவும் ஒரு குதிரைத்திறன்தானா? நடக்கிறப்பவும் ஒண்ணுதானா?”

வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். நான் சொன்னதோ, “ஒரு குதிரை என்றால் ஒன்றுதான். அமர்” என்பது. அவன் அமர்ந்தான். அதன்பின் பல வாரங்கள் அவன் என் வகுப்பில் கை உயர்த்தவே இல்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை என்பதே உண்மை.

மதிப்பெண் அறிக்கை வழங்கும் நாளில் அவனுடைய தாத்தா வந்தார். கையெழுத்திட்டபின் சற்றுத் தயங்கி நின்றார்.

“வாத்தியாரையா, பேரப்பிள்ளை ஒண்ணு கேட்டானாமே. தப்பா எடுத்துக்காதீங்க. கதவு தெறந்ததும் பாயுற அந்த நொடியில குதிரைக்கு இருக்கிற பலம் வேற. காலையில நடை பழக்குறப்ப இருக்கிற பலம் வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு எப்படிங்க சொல்றது?”

குரலில் சினம் இல்லை. வாழ்நாளெல்லாம் குதிரையோடு இருந்தவர் ஓர் ஐயத்தைக் கேட்கிறார், அவ்வளவே. அன்றிரவு உறக்கம் வரவில்லை. நூல்களைப் புரட்டினேன். கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வகுப்பில் பயன்படும்.

குதிரைத்திறன் என்னும் அளவை நிலைநிறுத்தியவர் ஸ்காட்லாந்துப் பொறியியலாளர் ஜேம்ஸ் வாட். அவர் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் என்று நாம் சொல்லிக்கொடுப்பதும் பிழையே. நியூகாமன் என்பவரின் இயந்திரம் அவருக்கு முன்பே சுரங்கங்களில் நீர் இறைத்துக்கொண்டிருந்தது. அதில் வீணான நிலக்கரியைப் பெருமளவு மிச்சப்படுத்தும் வழியைக் கண்டவர் வாட். அதற்கு 1769இல் காப்புரிமை பெற்றார். பின்னர் மேத்யூ போல்ட்டனுடன் கூட்டுச் சேர்ந்தார்.

அவர்களுடைய வணிக முறை சுவையானது. பழைய இயந்திரத்தோடு ஒப்பிடுகையில் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெற்றனர். சுரங்க முதலாளிகளிடம் இக்கணக்கு எளிதாகப் பொருந்தியது. மாவாலைக்காரரிடமும் மது வடிப்பவரிடமும் பொருந்தவில்லை. ஏனெனில் அவர்களிடம் பழைய இயந்திரமே இல்லை. செக்கிழுப்பதுபோலச் சுற்றிவரும் குதிரைகளே இருந்தன. “உம் இயந்திரம் என் குதிரைகளில் எத்தனைக்கு ஈடு?” என்பதே அவர்கள் அறிய விரும்பியது.

அதற்கு விடை சொல்ல வாட் கணக்கிட்டார். 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஆலைக் குதிரை மணிக்கு 144 முறை, அதாவது நிமிடத்திற்கு 2.4 முறை சுற்றுகிறது. அது 180 பவுண்டு விசையோடு இழுக்கிறது. ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 75.4 அடி. எனவே ஒரு நிமிடத்தில் கடக்கும் தொலைவு 181 அடி. அதை 180ஆல் பெருக்கினால் 32,572 வரும். அவர் அதை 33,000 அடி-பவுண்டு என முழுமையாக்கினார். ஆறாம் ஆண்டு மாணவர்களும் செய்து பார்க்கக்கூடிய கணக்குதான் இது.

1785இல் இலண்டன் மதுவாலை ஒன்றில் நிறுவப்பட்ட வாட்டின் இயந்திரம் நூறாண்டுக்கு மேல் உழைத்தது. பின்னர் அது ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

இங்கேதான் தாத்தாவின் கேள்விக்கு விடை இருக்கிறது. வாட் அளந்தது பாயும் குதிரையை அன்று; மணிக்கணக்கில் களைத்து விழாமல் உழைக்கும் ஆலைக் குதிரையை. சிறுபொழுதில் குதிரை காட்டும் வலிமை வேறு. 1925இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலக் கண்காட்சியில் பாரம் இழுக்கும் போட்டி நடந்தது. அப்போட்டியின் அளவுகளைக் கொண்டு செய்த கணக்கு ஒன்று 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அதன்படி ஒரு குதிரை சில நொடிகளுக்கு 14.9 குதிரைத்திறன் வரை காட்டக்கூடும். ஒன்று அன்று, ஏறத்தாழ பதினைந்து! பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத முதியவர் சொன்னது சரி. பட்டம் பெற்ற நான் சொன்னது தவறு.

மறுநாள் தலைமையாசிரியரின் இசைவோடு அவ்வகுப்பிற்குச் சென்றேன். “நான் தவறாகச் சொன்னேன். சரியான கேள்வி கேட்ட மாணவனை அமரவும் வைத்தேன். என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். வகுப்பு அமைதியானது. அவன் மட்டும் தலை குனிந்திருந்தான்.

பிறகு மாடிப்படிக்குச் சென்றோம். 20 படிகள், ஒவ்வொன்றும் 16 செ.மீ.; மொத்த உயரம் 3.2 மீட்டர். கைப்பிடியைப் பிடித்தபடி ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டும் என்பது விதி. முதலில் ஏறியவன் அவன்தான். எடை 35 கிலோகிராம். நேரம் 4 வினாடி. எடையை 9.8ஆலும் உயரத்தாலும் பெருக்கி நேரத்தால் வகுத்தோம். 274 வாட் வந்தது. ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக, அவன் அந்த 4 வினாடிகளில் குதிரையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் சற்று மேல்! “இப்படியே நாள் முழுதும் ஏறுவாயா?” என்றேன். மூச்சிரைக்கச் சிரித்தான். நல்ல உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ 75 வாட், அதாவது குதிரையில் பத்தில் ஒரு பங்குதான் என்று விளக்கினேன்.

பெற்றோர்களுக்கும் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். மகிழுந்து விளம்பரங்களில் ‘பி.எஸ்.’ என்று காண்பது குதிரைத்திறனைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். 75 கிலோகிராம் எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயர்த்துவதே அவ்வளவு, அது 735.5 வாட். வாட்டின் குதிரையைவிடச் சற்றே இளைத்த குதிரை. அதனால் 100 பி.எஸ். என்பது வாட்டின் கணக்கில் 98.6தான். அடுத்தது, வீட்டுக் குளிரூட்டி. கடைக்காரர் ‘ஒரு குதிரைத்திறன்’ என்பது பெரும்பாலும் மணிக்கு 9,000 பி.டி.யு. அளவு குளிர்விக்கும் கருவியை. அது வணிக வழக்கு. மின்கட்டணக் கணக்கிற்கு அப்பெயரை நம்ப வேண்டா. கருவியில் ஒட்டியுள்ள வாட் அளவைப் பாருங்கள்.

வாட்டின் பெயரையே 1882இல் திறனின் அலகிற்குச் சூட்டினார்கள். குதிரையை அளவாக்கியவரின் பெயரே குதிரைக்கு மாற்றான அளவாயிற்று. ஆயினும் குதிரை இன்னும் நம் பேச்சை விட்டுப் போகவில்லை.

இதை எழுதி முடித்துவிட்டதாக எண்ணினேன். ஆனால் சென்ற வாரம் அம்மாணவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

“ஐயா, காருக்குச் சொல்ற குதிரைத்திறன் எப்பவும் இருக்கிறதா?”

இல்லை, இயந்திரம் குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது தரும் உச்ச அளவே அது, நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அதில் சிறு பகுதியே பயன்படும் என்றேன்.

அவன் சற்று யோசித்தான். “அப்படின்னா குதிரைக்கு நாள் முழுக்க உழைச்சதைப் பார்த்து அளவு. காருக்கு மட்டும் உச்சத்தைப் பார்த்து அளவு. இது நியாயமா, ஐயா?”

ஆசிரியப் பெருமக்களே, நாமும் சில பிள்ளைகளை ஒரு நாள் உச்சத்தை வைத்து அளக்கிறோம். சிலரை நாள்தோறும் காணும் சோர்வை வைத்து அளக்கிறோம். எந்தப் பிள்ளைக்கு எந்த அளவுகோல் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இம்முறை அவனிடம் அதை அப்படியே சொன்னேன்.

அவன் மகிழ்ச்சியோடு வகுப்பிற்குத் திரும்பினான்.